கீசரை எந்த நேரத்தில் போடுவது?

இரவில் கரண்ட் மலிவு, கீசருக்கு ஒரு டைமர் மாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு ஓடவிட்டால் பில் இறங்கிவிடும் என்ற பேச்சு நம் பக்கத்தில் பரவலாக உண்டு. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 1978 முதல் எகானமி 7 என்ற கட்டணத் திட்டம் இருக்கிறது. இரவில் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் செங்கல் அடுக்கிய ஹீட்டர்களைச் சூடேற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் முழுக்க வீட்டுக்குள் குளிர் காய்வார்கள். இங்கேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளைக் கேட்டுப் பாருங்கள். காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் ஓட்டும் கரண்டுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி என்று சொல்வார்கள். ஆலையில் ஷிப்டு பார்க்கிறவர் வீட்டுக்கு வந்து அதே கணக்கைக் கீசருக்கும் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் வீட்டு இணைப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. இதை எழுதும் நேரத்தில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் வீட்டுக் கட்டணத்தில் பகல், இரவு என்ற பிரிவே கிடையாது. ஆவடியில் ராத்திரி ஒரு மணிக்குச் செலவாகும் யூனிட்டும் மாலை ஏழு மணிக்குச் செலவாகும் யூனிட்டும் ஒரே விலைதான். அப்படியென்றால் டைமர் வீண் செலவா? இல்லை. கீசருக்கு நேரம் வைப்பதால் பலன் உண்டு. அந்தப் பலன் வருவது யூனிட்டின் விலையிலிருந்து அல்ல, சூடு வீணாகாமல் மிஞ்சும் யூனிட்டிலிருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மூன்று மணிக்குத் தண்ணீரைச் சூடாக்கி, ஆறரை மணி வரை ஆறவிட்டு, சிக்கனம் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பில்லைப் பாருங்கள்

கீசரைத் தொடுவதற்கு முன் கடைசி ஆறு பில்களை எடுத்து வரிசையாக வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில் சேர்ந்தால் ஒரு வருடம். ஒவ்வொன்றிலும் மொத்த யூனிட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரர் கையிலிருந்து கொடுக்கும் விகிதம் இது: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. விகிதம் மாறினால் உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 500 என்ற கோடு. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. பகலா இரவா என்று பார்த்து எந்த டைமரும் இவ்வளவு மிச்சப்படுத்தித் தர முடியாது. கீசர் இல்லாமல் 480 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பில் 1,679 ரூபாய். அதே வீட்டில் கீசர் இரண்டு மாதத்தில் 84 யூனிட் இழுத்தால் மொத்தம் 564, பில் 2,577 ரூபாய் 60 காசு. கூடுதல் 898 ரூபாய் 60 காசு. அதாவது கீசருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் கிட்டத்தட்ட 10 ரூபாய் 70 காசு. அதே 84 யூனிட், வழக்கமாக 250 மட்டுமே ஓடும் வீட்டில் யூனிட்டுக்கு 4.70 வீதம் 394 ரூபாய் 80 காசோடு முடிந்துவிடும். கீசரும் தண்ணீரும் ஒன்று, விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல், கீசருக்கு எவ்வளவு மெனக்கெடலாம் என்று முடிவு செய்ய முடியாது. நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. கீசர் அதிகம் ஓடுவது கார்த்திகை முதல் மாசி வரை. ஏ.சி. அதிகம் ஓடுவது பங்குனிக்குப் பிறகு. இரண்டும் ஒரே பில்லில் வருவது குறைவு. குளிர்காலப் பில் 300-ஐச் சுற்றி நிற்கும் வீட்டுக்காரர், இந்த அத்தியாயத்தில் பாதுகாப்புப் பகுதியை மட்டும் கவனமாகப் படித்துவிட்டு மற்றதை மேலோட்டமாகப் பார்த்தாலே போதும். சித்திரை வெயிலிலும் பழக்கத்தால் கீசர் போடும் வீடுகளும், வயதானவர்களோ கைக்குழந்தையோ இருப்பதால் வருடம் முழுக்க வெந்நீர் வேண்டிய வீடுகளும்தான் 500-ஐத் தாண்டும் பில்லில் மாட்டிக்கொள்கின்றன. மொட்டை மாடியில் கறுப்பு டேங்க் இருந்தால் ஏப்ரல், மே மாலைகளில் குழாயில் வரும் தண்ணீரே குளிக்கப் போதுமான சூட்டில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குறிப்பு: ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரை நீங்களே ஒருமுறை பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் இந்தப் பில் கோட்டைத் தொடப்போகிறது. மிச்சம் பிடிக்க இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.

ஒரு பக்கெட் வெந்நீரின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். இந்த ஒரு எண் தெரிந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். தை மாத விடியலில் டேங்க் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி, பக்கெட் 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கெட்டுக்கு 0.35 யூனிட். நாலு பேர் தினம் ஒரு பக்கெட் குளித்தால் 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. மேலே சொன்ன 84 இப்படி வந்ததுதான். ஷவருக்கு மாறினால் ஆளுக்கு இரண்டு பக்கெட் என்பது சாதாரணமாகப் போகும், கணக்கும் இரட்டிப்பாகும். டைமர், ஸ்டார் லேபிள், நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், பக்கெட்டா ஷவரா என்ற கேள்விக்கு நிகரான சேமிப்பு எதிலும் இல்லை. கடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள், விற்பதற்கு இதில் பொருள் எதுவும் இல்லையே.

அடுத்து, தொட்டி. 15 லிட்டர் கீசரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.61 யூனிட் ஆகும். 2,000 வாட் கீசருக்கு அது 18 நிமிட வேலை. அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் சுமார் 35 லிட்டர் வரும், அதாவது ஏறக்குறைய இரண்டு பக்கெட். 25 லிட்டர் கீசர் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல், அரை மணி நேரம்.

மிஞ்சுவது, சும்மா நிற்கும்போது ஆறிப்போகும் சூடு. நட்சத்திர லேபிளில், 24 மணி நேரத்தில் 45 டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை யூனிட் வீணாகும் என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். சென்னையில் வெளிச்சூடு 28, தண்ணீர் 60 என்றால் வித்தியாசம் 32-தான். அதனால் லேபிள் எண்ணை 32-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் 0.5 என்று இருந்தால் நம் வீட்டில் நாள் முழுக்க ஸ்விட்ச் போட்டே வைத்திருப்பதற்கு 0.36 யூனிட் வீண். இரண்டு மாதத்தில் 21 யூனிட் சொச்சம். 4.70 படியில் அது நூறு ரூபாய், 8.40 படியில் 180 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் 500 கோட்டின் பக்கத்தில் நிற்கும் வீட்டில் இந்த 21 யூனிட் கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பது முக்கியம்.

நேரம் வைக்கும் வரிசை

1. கீசரின் அடியிலோ பக்கவாட்டிலோ உள்ள தகட்டில் லிட்டரையும் வாட்டையும் பாருங்கள். தகடு அழிந்திருந்தால், 16 ஆம்பியர் பிளக் என்பதை வைத்து வாட்டை ஊகிக்காதீர்கள். 2,000-க்கும் 3,000-க்கும் அதே பிளக்தான்.

2. ஒரு நாள் இரவு எல்லாரும் குளித்த பிறகு குழாயில் தண்ணீர் பச்சையாக வரும்வரை விட்டு, குழாயை மூடி, ஸ்விட்சைப் போடுங்கள். ஹீட்டிங் விளக்கு அணையும்வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். இதுதான் உங்கள் கீசரின் சூடேறும் நேரம். சில மாடல்களில் இரண்டு விளக்கு இருக்கும். பவர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது மற்றதை.

3. விளக்கு அணைந்ததும் ஸ்விட்சை நிறுத்துங்கள். காலையில் எந்தக் குழாயையும் திறக்காமல் மறுபடி போட்டு, விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். அந்த நிமிடங்களை வாட்டால் பெருக்கி 60,000-ஆல் வகுத்தால் ராத்திரியில் ஆறிப்போன சூடு யூனிட்டில் கிடைக்கும். 2,000 வாட்டில் ஆறு நிமிடம் எரிந்தால் 0.2 யூனிட். பத்து நிமிடத்துக்கு மேல் எரிந்தால், கீசரின் இன்சுலேஷன் போய்விட்டதா, வெந்நீர்க் குழாய் எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள்.

4. வீட்டில் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்று எழுதி, முடிந்தவரை அடுத்தடுத்து வரும்படி செய்யுங்கள். ஆறரைக்கு ஒருவர், எட்டுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்றால் கீசர் காலை முழுக்க ஆறுவதும் ஏறுவதுமாக இருக்கும்.

5. முதல் குளியல் நேரத்திலிருந்து சூடேறும் நேரத்தைக் கழித்து, ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டு, ஸ்விட்ச் போடும் நேரத்தை வையுங்கள். ஆறரைக்குக் குளியல், 18 நிமிடம் சூடேறும் என்றால் 6.07. நாலு மணி, மூன்று மணி எல்லாம் தேவையே இல்லை.

6. கடைசி ஆள் குளிக்கப் போகும் முன் கீசரை நிறுத்துங்கள். வரிசையிலேயே அதிகம் பேர் தவறவிடும் படி இது. வெந்நீரைத் திறந்தவுடன் அடியில் பச்சைத் தண்ணீர் ஏறும், தெர்மோஸ்டாட் உடனே காயிலைப் போட்டுவிடும். கடைசி ஆளுக்கு வேண்டிய வெந்நீர் ஏற்கனவே தொட்டியில் இருக்கிறது. அதன்பின் ஏறும் தண்ணீரைச் சூடாக்குவது மறுநாள் காலை வரை ஆறவிடுவதற்காகத்தான். 0.5 லேபிள் உள்ள 15 லிட்டர் கீசரில் இப்படித் தேவையில்லாமல் ஏற்றிய சூட்டில் பாதி 24 மணி நேரத்தில் போய்விடும், நாளுக்கு 0.29 யூனிட் அளவில். குளிக்கும்போது கீசர் அணைந்திருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

காலை ஆறு முதல் ஏழரை வரை அடுக்குமாடிகளில் எல்லா வீட்டுக் கீசரும் மோட்டாரும் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் இறங்கும். 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் கீசரின் திறன் முக்கால் பங்காகிவிடும், 18 நிமிடம் 24 ஆகும். மீட்டரில் ஓடும் யூனிட் கூடாது, நேரம் மட்டும்தான் கூடும். இரண்டாம் படியில் நிமிடத்தை ராத்திரியில் அளந்திருந்தால் காலைக்கு ஏழெட்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் தினமும் 200-க்குக் கீழே போகிறதென்றால் அது கீசர் பிரச்சினை அல்ல. மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள்.

டைமர் மாட்டும் முன்

கையால் ஸ்விட்ச் போட்டு நிறுத்துகிற பழக்கம் வீட்டில் நிலைத்திருந்தால் டைமர் வேண்டாம். மறதி உள்ள வீட்டுக்குத்தான் டைமர். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆம்பியர். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் 13 ஆம்பியர். சீரியல் லைட்டுக்கும் மீன் தொட்டிக்கும் விற்கும் 6 ஆம்பியர் டைமரைக் கீசருக்குப் போட்டால் உள்ளே உருகும், சில சமயம் தீப்பிடிக்கும். 16 ஆம்பியர் என்று எழுதிய ஸ்மார்ட் பிளக் வாங்கினாலும், முதல் நாள் கீசர் முழுதாகச் சூடேறி முடிந்ததும் சுவிட்சை நிறுத்திவிட்டு பிளக்கின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அது வேண்டாம், சாக்கெட்டும் தளர்ந்திருக்கலாம். 3,000 வாட்டுக்கு எலக்ட்ரீஷியனை வைத்து டி.பி. பெட்டியில் கான்டாக்டரோடு டைமர் போடுவதே சரி. எந்த டைமரையும் குளியலறைக்குள், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மாட்டாதீர்கள்.

எர்த் இல்லாத கீசரை ஓட்டவே கூடாது, டைமரோடு ஓட்டுவது இன்னும் ஆபத்து. யாரும் பார்க்காதபோது கரண்ட் வருகிறது, யாருக்கும் தெரியாமல் கசிகிறது. மூன்றாவது பின்னில் வயர் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து, மே மாதத்தில் பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள், டிரிப் ஆகாவிட்டால் மாற்றுங்கள். கீசர் போட்டாலே ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.சி.பி. தன் வேலையைத்தான் செய்கிறது, பழுது கீசரில் இருக்கிறது.

வாட்டர் ஹீட்டர் ராடுக்கு ஒருபோதும் டைமர் போடாதீர்கள். ராடு தண்ணீருக்குள் இருக்கிறதா, பக்கெட் இரும்பா பிளாஸ்டிக்கா, குழந்தை கை விடுமா என்று டைமருக்குத் தெரியாது. ராடு பயன்படுத்துவதென்றால் ஆள் பக்கத்தில் இருந்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். கீசரைக் கழுவியோ சர்வீஸ் செய்தோ மாட்டிய அன்று டைமரை நிறுத்தி வையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும், வெறும் தொட்டியில் காயில் சில நிமிடத்தில் எரிந்துவிடும். அடியில் உள்ள பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதென்று அதற்கு அடைப்பு வைப்பது கீசரை வெடிக்க வைக்கும் வேலை.

நம் பக்கத்தில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். காயிலில் உப்புப் படிந்தால் கரண்ட் ஏகத்துக்கும் வீணாகும் என்று சர்வீஸ்காரர்கள் சொல்வது முழு உண்மை அல்ல. சூடு போவது எப்படியும் தண்ணீருக்குள்தான். ஆனால் காயில் தன் சூட்டை விட முடியாமல் வெந்து போகும், தெர்மோஸ்டாட் ஏமாந்து சீக்கிரமே அணைந்துவிடும், தொட்டியில் தண்ணீர் கொள்ளும் இடமும் குறையும். சூடேறும்போது கடகடவென்று சத்தம் கேட்டாலோ, இரண்டாம் படியில் குறித்த நிமிடம் காரணமில்லாமல் குறைந்தாலோ கழுவ நேரம் வந்துவிட்டது. அப்போது தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கமாக வரும் மறுப்புகள்

“அணைத்து அணைத்துப் போடுவதைவிட ஆன் செய்தே விட்டால்தான் மிச்சம், ஆறிய தண்ணீரைத் திரும்பச் சூடாக்கத்தான் கரண்ட் அதிகம்” என்பது முதல் மறுப்பு. சூடு கசிவது உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஆற ஆற வித்தியாசம் குறைகிறது, கசிவும் குறைகிறது. எப்போதும் 60 டிகிரியிலேயே நிறுத்தி வைத்தால் எப்போதும் முழு வேகத்தில் கசியும். திரும்பச் சூடாக்க ஆகும் செலவு, அணைந்திருந்த நேரத்தில் கசிந்த அளவேதான், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. மூன்றாம் படிச் சோதனையைச் செய்தவர்கள் இதை விளக்கின் நிமிடத்திலேயே பார்த்திருப்பார்கள்.

தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கிவிட்டால் கசிவும் குறையுமே என்ற மறுப்பில் நியாயம் உண்டு, ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். சேமித்து வைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கசிவைக் குறைக்க டிகிரியைவிட நேரத்தைக் குறைப்பதே நல்லது. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கும். குழந்தை உள்ள வீட்டில் பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் விட்டு, வெந்நீரைப் பிறகு கலக்குங்கள்.

அப்படியானால் சேமிப்பே இல்லாத இன்ஸ்டன்ட் கீசர் வாங்கிவிடலாமா? ஒருவர், இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு நல்ல யோசனை. 3,000 வாட்டும் 13 ஆம்பியரும் தாங்கும் வயரிங் வேண்டும், வோல்டேஜ் இறங்கும் வேளையில் தண்ணீர் மந்தமாகத்தான் சூடாகும், மோட்டாரும் கூடவே ஓடினால் எம்.சி.பி. விழும். ஆனாலும் பக்கெட் குளியலுக்கு அது போதும்.

நேரவாரிக் கட்டணம் வந்தால்

மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. பத்து கிலோவாட்டுக்கு மேல் தேவை உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், விவசாயம் நீங்கலாக மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதலும் நேரவாரிக் கட்டணம் என்பது அந்த விதி. ஸ்மார்ட் மீட்டர் வைத்த இணைப்புக்கே அது பொருந்தும், விகிதத்தையும் நேரத்தையும் மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் அறிவிக்க வேண்டும். விதியில் சொல்லியிருப்பது இது: நாளில் எட்டு மணி நேரம் சூரிய மின் நேரம், அப்போது கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் வீடு போன்ற இணைப்புகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல்.

ஆகவே மலிவு நேரம் வரப்போவது பகலில். பிரிட்டன் பாணியில் ராத்திரி டைமர் வைத்துப் பழகியவர்கள் அன்றைக்கு அதை முழுக்க மாற்ற வேண்டியிருக்கும். இரவு மலிவுக்குப் பேர்போன பிரான்ஸிலேயே 2025 நவம்பர் முதல் மலிவு நேரத்தில் ஒரு பகுதியைப் பிற்பகலுக்கு நகர்த்தத் தொடங்கிவிட்டார்கள், காரணம் அங்கேயும் சூரிய மின்சாரம்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மலிவாகச் சூடாக்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளிக்கலாமா? 0.5 லேபிள் உள்ள 15 லிட்டர் கீசருக்குக் கணக்குப் போடுவோம். 4.70 படியில் 20 சதவீதம் கழித்தால் யூனிட் 3.76 ரூபாய், 0.61 யூனிட்டுக்கு 2.29. பதினைந்து மணி நேரத்தில் 60 டிகிரி 49 ஆகிவிடும், 0.19 யூனிட் சூடு போய்விடும், 35 லிட்டர் குளியல் தண்ணீர் 24 ஆகச் சுருங்கும். குளிக்கக் கிடைத்த சூடு 0.42 யூனிட், அதற்கு விலை யூனிட்டுக்கு 5.45. காலை உச்ச நேரமாகவே இருந்து 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாலும் 5.17-தான். மலிவு நேரத்தில் வாங்கியும் நஷ்டம். மாலை ஏழு மணிக்கு வேலை விட்டு வந்து குளிப்பவருக்குக் கதை வேறு. நாலு மணி நேரத்தில் 0.06 யூனிட் மட்டுமே ஆறும், யூனிட் 4.16-க்கு விழும், மாலை உச்ச நேரத்தில் சூடாக்குவதைவிட ஒரு ரூபாய் மிச்சம். நாலு பேர் வீட்டில் 80 லிட்டர் குளியல் தண்ணீருக்கு 60 டிகிரியில் 34 லிட்டர் சேமிப்பு வேண்டும், 15 லிட்டர் தொட்டி பாதிப் பேருக்குக்கூடத் தாங்காது. இந்தச் சேமிப்பை நம்பி இப்போதே பெரிய கீசர் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வைக்க ஆள் வந்தால், பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரவாரி விகிதம் உங்கள் இணைப்புக்கு அறிவிக்கப்பட்டதா என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள், மீட்டர் மாறியதாலேயே கட்டணம் மாறிவிடாது. அறிவிப்பு வந்த பிறகு மூன்றாம் படிச் சோதனையை மறுபடி செய்து, மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்களை வையுங்கள். மாலைக் குளியல் உள்ள வீடு மட்டும் டைமரைப் பிற்பகலுக்கு மாற்றினால் போதும்.